பதினேழாவது ஜோடி

தன்னிடம் கோளாறு ஒன்றும் இல்லை என்பதற்காக ஒருவர் தன்னைத் தேடி வந்தது சிவஞானத்தின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

2001 அக்டோபர் மாதம். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அவர் அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆர்.கே.புரத்தில் பஸ் ஏறி, ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார். இருபது வருஷமாக இதே வழக்கம். டில்லிக்கு வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம், இருபத்து நான்கு வயதில், காதுக்குள் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. ஹாலோபெரிடால் என்ற மாத்திரை அவற்றை அடக்கியது. அன்று முதல் ஒரு நாள்கூட அவர் அதை விட்டதில்லை. அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது. ரத்த அழுத்தத்துக்கு என்று சொல்லி வைத்திருந்தார்.

அன்று மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஓர் இளம் டாக்டர் அவர் பின்னாலேயே ஓடி வந்தாள். பெயர் ரோஹிணி. டில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், ஆனால் பாதி வழியில் இந்திக்கு மாறிவிடுவாள்.

அவள் சொன்ன விஷயம் இது. இந்த மாத்திரையை வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வாயும் நாக்கும் விரல்களும் தாமாகவே அசையத் தொடங்கிவிடுகின்றன. நோய் அதைச் செய்வதில்லை, மருந்துதான் செய்கிறது. அதே மருந்தை அதே அளவில் அதே காலம் சாப்பிடும் இன்னொருவருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பிறவியிலேயே ரத்தத்தில் எழுதிய ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம் என்று அவளுடைய பிரிவில் ஓர் ஆய்வு செய்கிறார்கள். அசைவு வந்த ஒவ்வொருவருக்கும் அசைவு வராத ஒருவரை ஜோடி சேர்க்க வேண்டும். வயது, மருந்து, வருஷம் எல்லாம் ஒத்துப் போக வேண்டும். பூர்வீகமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கு ஊர் இருக்கும் வித்தியாசத்தை மருந்தின் வித்தியாசம் என்று தப்பாக எண்ணிவிடுவார்களாம்.

“என்கிட்ட ஒரு தமிழ் பேஷன்ட் இருக்கார், அங்கிள். அவருக்கு ஜோடி கிடைக்காம நாலு மாசமா தேடறேன். நீங்கதான் கரெக்டா இருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. எங்களுக்கு அதுதான் வேணும்.”

வீட்டுக்கு வந்து சிவஞானம் இதை மனைவி லீலாவதியிடம் சொன்னபோது அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பாளையங்கோட்டையில் பெண் பார்க்க வந்த அன்றே சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டி, “இது ஆயுசுக்கும் உண்டு, யோசிச்சுச் சொல்லுங்க” என்று சொன்ன மனிதர் அவர். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரைக் கட்டிக்கொண்டவள் லீலாவதி. பிள்ளைகள் இல்லை. பதினேழு வருஷமாகக் காலையும் மாலையும் மாத்திரையைத் தண்ணீரோடு அவர் கையில் கொடுப்பது அவள்தான்.

“ஒண்ணும் இல்லாதவர்னு எழுதி வாங்கிட்டு வாங்க. சட்டம் போட்டு மாட்டிருதேன்” என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தாள் ரோஹிணி. தாழ்வாரத்து பெஞ்சில் மடிப்புக் கலையாத சட்டையோடு ஒல்லியான ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாயில் எதையோ போட்டுக் குதப்புவது போலத் தாடை ஓயாமல் அசைந்தது. நாக்கு நுனி உதட்டோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மடியில் கிடந்த விரல்கள் கண்ணுக்குத் தெரியாத மிருதங்கம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தன. சிவஞானம் பார்வையைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நீங்கதான் எனக்குப் பாத்திருக்கற ஜோடியா?” என்று கேட்டார் அவர். “நான் பட்டாபி. ஜனக்புரி. நம்பர் பதினேழாம் நமக்கு.”

பரிசோதனை அரை மணி நேரம் நடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகளை முழங்காலில் வைத்து உட்கார வேண்டும். வாயைத் திறக்க வேண்டும், நாக்கை நீட்ட வேண்டும். கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தட்ட வேண்டும், பிறகு எழுந்து நடக்க வேண்டும். அசைவு கூடக் கூட மார்க்கும் கூடும். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சிவஞானத்துக்குப் பூஜ்யம். பட்டாபிக்குப் பதினாறு. பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவன் போல ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்த சிவஞானம், பட்டாபி குனிந்து செருப்பின் வாரை மாட்டப் பட்ட பாட்டைப் பார்த்ததும் கூசிப்போனார்.

ரத்தம் கொடுத்துவிட்டு இருவரும் கேன்டீனுக்குப் போனார்கள். பட்டாபி அரை டம்ளர் டீயாக இரண்டு தடவை கேட்டு வாங்கினார். முழு டம்ளர் என்றால் கையிலேயே சிந்திவிடும் என்றார். வெளியே போகும்போது வாயில் ஏலக்காய் போட்டுக்கொள்வாராம். பார்க்கிறவர்கள் ஏதோ மெல்லுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். முன்பு அவர் வங்கியில் வேலை பார்த்தாராம். ஒரு நாள் கவுன்டருக்கு வந்த ஓர் அம்மாள், தன்னைப் பார்த்து நாக்கைத் துருத்திப் பழிப்புக் காட்டினார் என்று மேனேஜரிடம் புகார் செய்துவிட்டாள். அதன் பிறகு அவரே ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் தங்கை ஹம்சாவோடு இருக்கிறார்.

சிவஞானம் அதுவரை யாரிடமும் கேட்காத ஒன்றை அன்று கேட்டார். குரல் வந்த காலத்தில் அவருக்கு என்ன கேட்டது?

“என்னோட பழைய கணக்கு வாத்தியார்” என்றார் பட்டாபி. “நாள் பூரா திட்டுவார். உங்களுக்கு?”

“எனக்கு இந்தியில பேசும். ஊர்லேர்ந்து வந்த புதுசு, எனக்கு இந்தியே தெரியாது. என்ன திட்டுதாங்கன்னு விளங்காமலே பயந்துக்கிட்டுக் கெடந்தேன்.”

பட்டாபி டம்ளரை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்தக் காலத்தை நினைத்து யாராவது சிரிக்க முடியும் என்பதே சிவஞானத்துக்குப் புதிதாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவரும் சேர்ந்துகொண்டார்.

அதிலிருந்து மாதாந்திர வியாழக்கிழமையை இருவரும் ஒரே நாளாக வைத்துக்கொண்டார்கள். ஒரு தடவை திரும்பும் பஸ்ஸில் பட்டாபியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனாள். கண்டக்டர் வந்து குடித்துவிட்டு ஏறினாயா என்று இந்தியில் கேட்டு, இறங்கச் சொன்னான். பட்டாபி மறு பேச்சு இல்லாமல் எழுந்தார். அவருக்கு அது பழகியிருந்தது. சிவஞானத்துக்குப் பழகியிருக்கவில்லை. இருபத்து மூன்று வருஷம் டில்லியில் இருந்தும் தேறாத இந்தியில், “தவாயி. தவாயி கா அசர் ஹை. மேரா தோஸ்த் ஹை” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மருந்தின் வேலை, என் நண்பர் என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தான். இறங்கிய பிறகு பட்டாபி, “தோஸ்த் ஆண்பால்தானே, மேரான்னு சொன்னது சரிதான்” என்றார்.

ஒன்றரை வருஷம் கழித்து, ஆய்வில் என்ன தெரிந்தது என்று கேட்க இருவரும் ரோஹிணியின் அறைக்குப் போனார்கள். ஐம்பத்திரண்டு ஜோடிகளின் ரத்தம் பார்த்தாகிவிட்டது. மூளையில் மருந்து போய்ப் படியும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு ரத்தத்தில் இருக்கிறது. அதில் ஓர் எழுத்து சிலருக்கு மாறியிருக்கிறது. அசைவு வந்தவர்களிடம் அந்த மாறிய எழுத்து சற்று அதிகமாக இருந்தது.

“எனக்கு அந்த எழுத்து இருக்கா?” என்று கேட்டார் பட்டாபி.

அதை அவள் சொல்லக்கூடாதாம். ரத்தக் குப்பிகளில் பெயரே கிடையாது, எண் மட்டும்தான். “அதுவுமில்லாம, தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல, அங்கிள். ஆடாதவங்ககிட்டயும் அந்த எழுத்து இருக்கு. இருந்தா ஆடியே தீரும்னு இல்ல. இல்லாட்டி ஆடவே ஆடாதுன்னும் இல்ல. கொஞ்சம் சாய்வு, அவ்வளவுதான்.”

சிவஞானத்துக்கு இந்தப் பதிலில் ஒரு நிம்மதி கிடைத்தது. அது நிம்மதிதான் என்பதை அவர் லீலாவதியிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை. தன் கைகள் அசையாமல் இருப்பதைக் காலையில் எழுந்ததும் அவர் பார்த்துக்கொள்வார். பட்டாபிக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று தன் அப்பன் பாட்டன் வழியாகத் தனக்கு வந்திருக்கிறது என்று உள்ளூர நம்பினார்.

அந்த வருஷம் பட்டாபிக்கு மருந்தை மாற்றினார்கள். புது மருந்து அசைவைக் கொண்டுவராது. ஆனால் ரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் முதல் நான்கு மாதமும் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பதினெட்டு வாரமும் சிவஞானம் கூடப் போனார். விடுப்பெல்லாம் அதில் கரைந்தது. பட்டாபிக்கு அசைவு முழுதாக நிற்கவில்லை. ஆனாலும் பாதியாகக் குறைந்தது. முழு டம்ளரில் டீ குடித்த அன்று அவர் கேன்டீன்காரனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

2004 தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை பட்டாபியும் ஹம்சாவும் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிட வந்தார்கள். லீலாவதி தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்திருந்தாள். சாப்பிட்ட பிறகு சிவஞானம் பேப்பரை விரித்து, விலைவாசிச் செய்தி எதையோ படித்துக் காட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த பட்டாபி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து, நேரமாகிவிட்டது என்று சொல்லித் தங்கையைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இரண்டாம் காபிக்குக்கூட இருக்கவில்லை.

அதன் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. அந்த மாத வியாழக்கிழமைக்கும் அவர் வரவில்லை. சிவஞானம் போன் செய்தபோது, அண்ணா வெளியே போயிருக்கிறார் என்று ஹம்சா தயங்கித் தயங்கிச் சொன்னாள். எதில் தப்பு செய்தோம் என்று சிவஞானம் யோசித்து யோசித்துப் பார்த்தார். சொதியில் பூண்டு போட்டது ஆகவில்லையோ என்று லீலாவதி வருந்தினாள்.

டிசம்பரில் ஒரு நாள் மதிய இடைவேளை. குளிர்காலத்தில் ஆர்.கே.புரம் அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே புல்தரை நிறைய ஆட்கள் இருப்பார்கள். வெயில் காய்ந்துகொண்டு, வேர்க்கடலை உரித்துக்கொண்டு, ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு. சிவஞானம் டிபன் டப்பாவை மூடும்போது எதிரே பட்டாபி நின்றார். அலுவலகத்துப் பக்கம் வரவே மாட்டேன், நான் வந்தால் உங்களைப் பற்றிக் கேள்வி வரும் என்று முதல் வருஷமே சொன்னவர் அவர்.

அவர் சிவஞானத்தை ஆள் இல்லாத ஒரு வேப்ப மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கைப்பையிலிருந்து சவரம் செய்யும் சின்னக் கண்ணாடியை எடுத்தார்.

“வாயை மூடிண்டு சும்மா உக்காருங்கோ” என்றார். “கட்டைவிரலால மத்த விரலை ஒண்ணொண்ணாத் தட்டுங்கோ. டாக்டர் சொல்வாளே, அது மாதிரி. வேகமா.”

சிவஞானம் தட்டினார். பட்டாபி கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். கண்ணாடியில் தெரிந்த கீழ் உதடு ஒரு தடவை குவிந்து விரிந்தது. மறுபடி குவிந்தது. கன்னத்தின் உட்புறம் நாக்கு புரள்வது வெளியே தெரிந்தது. அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. விரலை நிறுத்தினார். உதடு இன்னும் இரண்டு தடவை குவிந்துவிட்டு நின்றது.

அவர் கண்ணாடியைக் கையால் ஒதுக்கினார். வாயில் வந்த வார்த்தை அவருக்கே அருவருப்பாக இருந்தது.

“உமக்கு இப்பம் சந்தோசந்தானே.”

பட்டாபி கண்ணாடியைக் கைப்பைக்குள் வைத்தார். அவருடைய தாடை வேகமாக அசைந்தது. மனம் கலங்கினால் அது கூடும்.

“தீபாவளி கழிச்சு உங்காத்துல பாத்தேன்” என்றார். “சொல்லாம இருந்துடலாம்னு மூணு வாரம் பாத்தேன். உங்க முகத்தைப் பாத்தா சொல்லிடுவேன்னுதான் வரலே. எனக்கு ஆரம்பிச்சப்போ ஒருத்தரும் சொல்லலே, சிவஞானம். ஆறு வருஷம். பேங்க்ல அத்தனை பேர், ஆத்துல ஹம்சா, எல்லாரும் மரியாதையாப் பாக்காத மாதிரி இருந்தா. நமக்கு நாமளாத் தெரியாது, அதான் இதுல கொடுமை. அந்த அம்மா மேனேஜர்கிட்ட சொன்னப்புறந்தான் நான் கண்ணாடியைப் பாத்தேன். முதல்லயே பாத்திருந்தா நின்னுருக்கும்னு டாக்டர் சொன்னா.”

சிவஞானம் புல்லைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தக் கையாலேயே பட்டாபியின் கையைப் பிடித்துக்கொண்டார். இடைவேளை முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் இருவரும் அங்கேயே இருந்தார்கள். அன்று அவர் முன்கூட்டி எழுதிக் கொடுக்காமல் அரை நாள் விடுப்பு எடுத்தார்.

வீட்டில் சொன்னபோது லீலாவதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோடையிலேயே அவள் பார்த்திருக்கிறாள். டிவி பார்க்கும்போது வாய் அசைந்திருக்கிறது. “முருகன் பேரைச் சொல்லுதீங்கன்னுல்லா நெனச்சேன். வயசாக ஆகப் பக்தி வந்துட்டுன்னு மலை மந்திர்ல அர்ச்சனைகூடப் பண்ணிட்டு வந்தேன்” என்று சொல்லி அழுதாள். அழுகைக்கு நடுவே சிவஞானத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அவரை ஓர் அடி அடித்துவிட்டுத் தானும் சிரித்தாள்.

ரோஹிணி சோதித்துப் பார்த்து ஐந்து மார்க் போட்டாள். லேசானது, ஆரம்பம், சரியான சமயத்தில் வந்தீர்கள் என்றாள். மருந்தைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் புதியதைக் கூட்ட வேண்டும். அதையெல்லாம் தெளிவாகச் சொன்னவள், கடைசியில் தயங்கினாள். அவர் இனி அசைவு இல்லாதவர் இல்லை. பட்டாபிக்கு அவர் ஜோடியாக முடியாது. கட்டுரை அச்சுக்குப் போகும் முன் பதினேழாம் எண்ணை எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

“எங்கள டைவர்ஸ் பண்ணி வைக்கறேளா?” என்றார் கூட வந்திருந்த பட்டாபி.

“ஸாரி, அங்கிள்” என்றாள் ரோஹிணி. நிஜமாகவே அவள் கண் கலங்கியிருந்தது. மறு கணக்குப் போட்டபோது அந்த எழுத்தின் சாய்வு இன்னும் கொஞ்சம் குறைந்ததாகப் பிறகு சொன்னாள். பெரிய ஆய்வு ஒன்று வேண்டும், நூற்றுக்கணக்கில் ஆட்கள் வேண்டும் என்றாள். தங்களில் யாருக்கு அந்த எழுத்து இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது இருவருக்கும் கடைசிவரை தெரியவில்லை. சிவஞானம் அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை.

மருந்து மாறிய மூன்று மாதம் சிரமமாக இருந்தது. பிப்ரவரியில் ஒரு மத்தியானம் பழைய குரல் திரும்பி வந்தது. இந்தியில்தான். இந்த முறை அது மிரட்டவில்லை. “கித்னே பஜே?” என்று மணி மட்டும் கேட்டது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டது. சிவஞானம் நடுங்கிப்போய் லீலாவதியிடம் சொல்ல, அவள் ரோஹிணிக்கும் பட்டாபிக்கும் போன் செய்தாள். ரோஹிணி மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டினாள். பட்டாபி ஜனக்புரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த பத்து நாளும் வந்தார். சீட்டுக்கட்டு கொண்டு வருவார், தோற்றுப்போவார்.

“மறுபடி கேக்கறதா?” என்றார் ஒரு நாள்.

“இப்பம்தான் கேட்டுது.”

“மூணேகால்னு சொல்லிடுங்கோ பாவம். கையில கடிகாரம் இல்லையோ என்னவோ.”

சிவஞானம் வாய்க்குள் சொன்னார். அது போகவில்லை. ஆனால் அன்று அவருக்கு உடம்பு நடுங்கவில்லை. மார்ச்சில், மலை மந்திர் பக்கம் இலவ மரங்கள் பூத்த சமயம், குரல் தானாகவே தேய்ந்து நின்றது. உதட்டின் அசைவும் மாதா மாதம் குறைந்தது. அந்த வருஷம் முடிவதற்குள், தெரிந்தவர்கள் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் என்ற அளவுக்கு வந்துவிட்டது. வலது கால் கட்டைவிரல் மட்டும் ஷூவுக்குள் தன்பாட்டுக்கு ஆடும். அதை ரோஹிணியால் நிறுத்த முடியவில்லை.

லீலாவதி ஒரு ஏற்பாடு செய்தாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட வேண்டும். இலை போடுவதற்கு முன் இரண்டு ஆண்களும் செருப்பைக் கழற்றி எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சோதிக்க வேண்டும். ஹம்சா பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாளில் தேதி போட்டு மார்க் எழுதுவாள். தன் ஆயுளில் இவ்வளவு குறைந்த மார்க்குக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை என்பாள் அவள். அண்ணனிடம் அந்த ஆறு வருஷம் வாய் திறக்காமல் இருந்ததற்கு அவளுக்குச் சமாதானம் கிடைத்ததோ என்னவோ, மார்க் போடுவதில் மட்டும் யாருக்கும் தாட்சண்யம் காட்ட மாட்டாள்.

2006 ஜனவரி முதல் ஞாயிறு ஜனக்புரியின் முறை. அந்தப் பக்கம் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. டில்லியே குடும்பத்தோடு வந்து அதில் ஏறியிருந்தது. நகரும் படிக்கட்டில் கால் வைக்க லீலாவதி பயந்து, பின்னால் வந்த சர்தார்ஜியின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டேஷன் வாசலில் பட்டாபி மஃப்ளர் சுற்றிக்கொண்டு காத்திருந்தார். அன்று ஹம்சா அவருக்கு ஏழும் சிவஞானத்துக்கு இரண்டும் போட்டாள். பட்டாபி ஏழு அதிகம் என்று வாதாடினார். ஹம்சா தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். சாம்பாரில் முள்ளங்கி போட்டிருந்தாள். சிவஞானம் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் இரண்டு இருக்கை கிடைத்தது. ராஜேந்திர பிளேஸ் தாண்டுவதற்குள் லீலாவதி அவர் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். அவள் மடியில் ஹம்சா கொடுத்தனுப்பிய தயிர்ப் பாத்திரம் இருந்தது. அது சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சிவஞானம் வந்து போகும் ஸ்டேஷன் பெயர்களை ஒவ்வொன்றாக இந்தியில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தார். கடைசி ஸ்டேஷனான பாராகம்பாவில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் அவளை எழுப்பினார்.